மூடாத குறுக்குச் சந்து

எல் ஆல்ட்டோவில் பதினோரு வருடமாய் மினிபஸ் ஓட்டுகிறேன்.
அதனால்தானோ என்னவோ டாக்டர் ஸெலேமே
என் மகளின் நெஞ்சை
ரூட் போட்டுக் காட்டினார்,
ரத்தப் பரிசோதனைச் சீட்டின் பின்பக்கத்தில்.

வயிற்றில் இருந்தவரை
நுரையீரலுக்கு வேலை இல்லை.
உள்ளே வெறும் நீர்.
மூச்சை நீவெஸ் வாங்கி
கொடி வழியாகக் கொடுத்தனுப்பினாள்.
ரத்தம் நுரையீரலின் வாசல்வரை வந்து
உள்ளே நுழையாமல்
ஒரு குறுக்குச் சந்தில் திரும்பி
உடம்புக்கு ஓடிவிடும்.

பிறந்ததும் ஓர் அழுகை.
அதில் நீர் வற்றி
ஒட்டிக் கிடந்த கோடிக் குமிழ்கள் விரியும்.
குமிழைச் சுற்றி மயிரினும் மெல்லிய குழாய்கள்,
குழாய்க்குள் ஒற்றை வரிசையில் அணுக்கள்.
கறுத்து வருபவை சிவந்து போகும்.
முக்கால் நொடிதான் நிறுத்தம் என்றார்.
முக்கால் நொடியில் நான்
பஸ் கதவைக்கூடத் திறந்ததில்லை.

பிறகு அந்தச் சந்து
தானாக மூடிக்கொள்ள வேண்டுமாம்,
ஓரிரு நாளில்.
மூடச் சொல்வது காற்றில் உள்ள ஆக்ஸிஜன்.
இங்கே நாலாயிரம் மீட்டர் உயரத்தில்
அது சொல்வது
பாதிதான் காதில் விழுகிறது.
குளிரில் விரல் மடக்குவதுபோல்
நுரையீரல் குழாய்கள் மடங்கிக்கொள்ள,
சந்து திறந்தே கிடக்கிறது.
உதட்டில் நீலம்.

என்ன மருந்து, டாக்டர்?
கீழே இறங்குங்கள் என்றார்.

யுங்காஸுக்கு இறங்க
முதலில் ஏற வேண்டும்.
லா கும்ப்ரே கணவாய், இன்னும் ஐந்நூறு மீட்டர்.
இதை யாரிடம் போய் முறையிட?

பின்சீட்டைக் கழற்றிப் போட்டேன்.
சிலிண்டரைப் பழைய ஃபேன் பெல்ட்டால் கட்டினேன்.
நர்ஸ் ரொமுவால்டா லீவு போட்டுவிட்டு வந்தாள்,
கேட்டால் தங்கையைப் பார்க்கப் போவதாகச் சொன்னாள்.

கணவாயில் பனித்தூறல்.
டிரைவர்கள் எல்லோரும் இறங்கி
மண்ணுக்குச் சாராயம் தெளிக்கும் இடம்.
நான் நிறுத்தவில்லை.
பச்சமாமா, கணக்கில் எழுதிக்கொள்.
டேஷ்போர்டில் சிப்ஸ் பாக்கெட்
பலூனாய் உப்பி நின்றது.
கண்ணாடியில் நீவெஸின் சால்வைதான் தெரிந்தது.
குழந்தை தெரியவில்லை.

பிறகு இறக்கம்.
ஒவ்வொரு வளைவிலும் காது அடைத்துத் திறந்தது.
பாறை போய்ப் பாசி, பாசி போய்ப் பெரணி,
மூடுபனிக்குள் யாரோ வாழைத்தார் விற்றார்கள்.
சிப்ஸ் பாக்கெட் தளர்ந்து சாய்ந்தது.
யாரும் எதுவும் சொல்லவில்லை.

இரண்டாவது கியரில் போய்க்கொண்டே
வாய்க்குள் கத்திக்கொண்டிருந்தேன்,
மாலை நெரிசலில் கத்துவதைப் போல:
உள்ளே போ, உள்ளே போ,
வாசலில் நிற்காதே,
உள்ளே இடம் இருக்கிறது.

கொரோய்க்கோவுக்குச் சற்று முன்னால்
ரொமுவால்டா முதுகில் தட்டினாள்.
நிறுத்து.
நிறுத்தினேன்.
எஞ்சினையும் அணை.
அணைத்தேன்.
குழந்தையின் நெஞ்சில் குழலை வைத்து
வெகுநேரம் கேட்டாள்.
சத்தம் இன்னும் இருக்கிறது, ஆனால்
மெலிந்திருக்கிறது என்றாள்.
ஓட்டு. மெதுவாக.
இன்னும் கீழே.