காந்தம்

குளிர்பெட்டிக் கதவிலிருந்து பிடுங்கிய காந்தம்
என் கோட்டுப் பையில்.
இசிக்-குல் ஏரி, ஒரு படகு, ஒரு வாத்து,
எல்லாம் விரல் நீளத்துக்குள்.
மூவாயிரத்து இருநூறு டாலர்
சமுதீனின் காலுறைக்குள்.
பிஷ்கெக் வண்டிச்சந்தையில்
இன்னும் சரியாக விடியவில்லை.

அவன் கண் முதலில் எங்கே போகும்
என்று எனக்குத் தெரியும்.
வெள்ளை லேண்ட் குரூசர்.
பக்கத்தில் போய் நின்றாலே போதும்,
பத்து ஆடு வைத்திருப்பவன்
முந்நூறு ஆட்டுக்காரன் போல நிமிர்ந்துகொள்வான்.
ஜப்பானில் ஒரே கைதானாம்.
ஒரு கிழவராம்.
ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்கு மட்டுமாம்.
மீட்டரும் விற்கிறவன் பக்கமே சாட்சி சொன்னது:
எழுபதாயிரம்.
பிரேக் மிதியின் ரப்பர் மட்டும்
யாரும் சொல்லிக்கொடுக்காததால்
உண்மையைச் சொல்லிக்கொண்டிருந்தது,
சோப்புக் கட்டியாய்த் தேய்ந்து.

பின்கதவுக்குக் கீழே காந்தத்தை வைத்தேன்.
ஏரி, படகு, வாத்து
மூன்றும் வழுக்கி மண்ணில் விழுந்தன.
நாலு விரல் தள்ளி வைத்தேன்.
விழுந்தன.
இரும்பு இருக்க வேண்டிய இடத்தில்
பூசிய மாவு.
வெளுத்ததெல்லாம் பாலென்று நின்ற சமுதீன்
குனிந்து காந்தத்தை எடுத்து
மேல்சட்டையில் துடைத்துத் தந்தான்.

டெலிகாவின் பானெட்டைத் தொட்டேன்.
காய்ச்சல்காரக் குழந்தையின் நெற்றி.
நாங்கள் வருவதற்கு முன்னாலேயே
யாரோ அதை எழுப்பி, இருமவைத்து,
முகம் கழுவி உட்காரவைத்திருக்கிறார்கள்.
வாஸ் ஜீப்போ
வாயால் கேட்காத குறையாகப் பெட்ரோல் கேட்டது.
அந்த யானைக்குத் தீனி போட
என் தேனீக்கள் ராத்திரியும் பறக்க வேண்டும்.

எனக்கு வேண்டியது என்ன?
ஜூன் பிறந்ததும் நாற்பது பெட்டிகள்
அத்-பாஷிக்கு மேலே
எஸ்பார்செட் பூக்கும் சரிவுக்கு ஏற வேண்டும்.
நடுவில் பாலமில்லாத ஓடை ஒன்று.
காலையில் முழங்கால், பனி உருகிய மாலையில் இடுப்பு.
உடைந்தால் எங்கள் ஊர்க் கடையிலேயே
உதிரிபாகம் கிடைக்க வேண்டும்.
மதிப்பா?
அது போன வருஷமும் ஓடையைத் தாண்டவில்லை.

சந்தை முடியும் இடத்தில்
கழுவாத நிவா. கடுகு நிறம்.
சக்கரத்து மேல்வளைவில் அசல் சேறு.
ஆம்புலன்ஸ் நர்ஸ் அய்ஜம்கா,
செவ்வாய்க்கிழமை கசானுக்கு வேலைக்குப் போகிறவள்,
நாங்கள் கேட்கும் முன்பே ஆரம்பித்தாள்:
"இடது கதவு உள்ளிருந்து திறக்காது.
அறுபதுக்கு மேல் டிரான்ஸ்ஃபர் பாக்ஸ் முனகும்.
மழைக்குக் காலடியில் தண்ணீர் வரும்,
எப்படி வருகிறதென்று கடவுளுக்குத்தான் தெரியும்.
மூன்றாவது கியரை
மரியாதையாகக் கேட்க வேண்டும்."

சமுதீன் அட்டையை விரித்து வண்டிக்கடியில் போனான்.
டார்ச், திருப்புளி, டக் டக்.
நான் காந்தத்தோடு சுற்றி வந்தேன்.
துருப்பிடித்த ஓரத்தில் வைத்தேன்.
ஒட்டியது.
குழிந்த கதவில். ஒட்டியது.
அசிங்கமான ஒவ்வோர் இடத்திலும்
வாத்து அசையாமல் உட்கார்ந்திருந்தது.

சில்லிட்டுக் கிடந்த எஞ்சின்
ஐந்து தரம் இருமி ஆறாவதில் பிடித்தது.
சந்தைக்குப் பின்னால் குப்பைச் சரிவு.
சின்ன நெம்புகோலைப் பின்னால் இழுத்தேன்,
டிஃப்பரென்ஷியலைப் பூட்டினேன்.
அவசரமே இல்லாமல்,
பிரசவத்துக்குப் போய்ப் பழகிய வண்டியாயிற்றே,
ஏறியது.

இரண்டாயிரத்து எழுநூறு என்றாள்.
இரண்டாயிரத்து நானூறு என்றேன்.
இரண்டாயிரத்து ஐந்நூறும்
ஐந்து கிலோ வெள்ளைத் தேனும்.
மிச்சப் பணம் நாலு டயருக்கு.
சாவியைத் தந்தவள்
ஸ்டியரிங்கில் இருந்து கையை எடுக்கக்
கொஞ்சம் நேரம் பிடித்தது.
நாங்கள் பேரம் பேசாத ஒரே விஷயம் அது.

தொலோன் கணவாய் ஏறுகையில்
வெள்ளை வண்டி ஒன்று எங்களை முந்திப் போனது.
சமுதீன் வளைவு வரை பார்த்தான்,
பிறகு தொப்பியை முகத்தில் இழுத்துக்கொண்டு தூங்கிவிட்டான்.
இறக்கத்தில் வேகம் அறுபதைத் தாண்டியது.
திடுக்கிட்டு எழுந்தவன்
பின்சீட்டைத் திரும்பிப் பார்த்துக் கேட்டான்:

"பெட்டியில் ஒன்றை
மூட மறந்துவிட்டாயா?"