ஓரத்தில் ஒரு குடை

மாதத்தின் இரண்டாம் ஞாயிறு
பெரம்பூரில் ஒரு டயர் கடையின் மாடியில்
நாங்கள் ஐந்து பேர் கூடுவோம்.
இருவருக்குச் சர்க்கரை,
ஒருவருக்குக் காது மந்தம்,
எல்லோருக்கும் மீட்டர் கேஜ்.

வீட்டில் கேட்டால் சங்கக் கூட்டம் என்போம்.
சங்கத்துக்குப் பேர் கிடையாது.
ஒரு பழைய படத்தில்
கைகாட்டி சாய்ந்திருக்கிறதா நிமிர்ந்திருக்கிறதா என்று
மூன்று டீ வரைக்கும் பேசியிருக்கிறோம்.
அஷ்ரப் நடுவில் எழுந்து
வாயாலேயே நீராவி விட்டுக் காட்டுவான்,
மேட்டில் மூச்சு வாங்கி
இறக்கத்தில் சிரித்துக்கொண்டே ஓடும்வரை.

இந்த ஞாயிறு குமுதவல்லி அம்மாள் வந்தார்.
ஜோதிலிங்கம் போய் ஏழு மாதம்.
கையில் பிஸ்கட் டின். உள்ளே நெகட்டிவ்கள்,
நாட்டு மருந்துக்கடைப் பொட்டலம் மாதிரி
ஒவ்வொன்றும் காகிதத்தில் மடித்து.
"வீட்டை இடிக்கப் போறோம்.
குப்பையில போட மனசு வரலை."

ஜோதிலிங்கம் முன்பே கொடுத்திருந்த படங்களைத்
தூசி துடைத்து, கீறல் நீக்கி
கணினியில் வைத்திருந்தார் கிளெமென்ட்.
முதலில் செங்கல்பட்டு, ஏரிக்கரை வளைவு.
ஒய்பி ஒன்று
கரும்புகையைத் தோளுக்குப் பின்னால் எறிந்தபடி.
எழுபத்தெட்டு என்றேன் நான்.
எண்பத்திரண்டு, தந்திக் கம்பத்தைப் பாருய்யா
என்றார் வேதகிரி.
வழக்கமான சண்டை.

"எண்பது," என்றார் அம்மாள்.
"ஐப்பசி. பெரியவன் வயித்துல மூணு மாசம்.
குமட்டுது, எங்கயாவது உட்காரணும்னேன்.
இரு, வண்டி வந்துடும்னார்.
வண்டி நாப்பது நிமிஷம் லேட்டு."

யாரும் பேசவில்லை.
தணிகைவேல் மட்டும் காதைச் சாய்த்து
"லேட்டு எவ்வளவு?" என்று கேட்டுக்
குறித்துக்கொண்டார்.

அடுத்தது எழும்பூர்.
அது அவர் கடைவாய்ப் பல் பிடுங்கிய மறுநாள்.
அதற்கடுத்தது விழுப்புரம்.
அண்ணன் மகள் கல்யாணத்துக்குப் போகிற வழி;
போய்ச் சேர்ந்தபோது பந்தி முடிந்திருந்தது.
எஞ்சின் எண்ணுக்குப் பக்கத்தில்
எல்லாவற்றையும் எழுதினேன்,
பல், பந்தி, அன்றைக்குக் கட்டியிருந்த புடவைவரை.
எதை விடுவதென்று தெரியவில்லை.

பிறகு அவர் திரைக்கு மிக அருகில் குனிந்தார்.
"என் குடை எங்கே?"

கிளெமென்ட் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார்.
மாட்டினார்.
"ஓரத்துல ஏதோ கறுப்பா நீட்டிட்டிருந்தது...
இடைஞ்சல்னு வெட்டிட்டேன்மா."
"எத்தனை படத்துல?"
"பதினொண்ணுல."

கோபப்படுவார் என்று நினைத்தோம்.
"அவரும் அதான் சொல்வார்," என்றார்.
"கொஞ்சம் தள்ளி நில்லு குமுதா,
இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்.
ஒரு தடவை வேலியே வந்துடுச்சு."

டின்னைக் கிளறி ஏரிக்கரையை எடுத்து
டியூப் லைட்டுக்கு நேரே பிடித்தான் அஷ்ரப்.
அங்கே எல்லாம் தலைகீழ்.
வானம் கரி. புகை பால்.
எஞ்சின் வெள்ளெலும்பாய் வளைவில் திரும்புகிறது.
ஓரத்தில் குடை, அதுவும் வெள்ளை,
எஞ்சினுக்குக் கொஞ்சமும் குறையாத வெள்ளை.
அதன்கீழே நகத்தளவு முகம்.
வாந்தியை அடக்கிக்கொண்டிருக்கிற முகம்தானா
என்று சொல்ல முடியாது.

அந்நேரம் பார்த்து
பெரம்பூர் நிலையத்தில் ஒரு மின்வண்டி ஊத
ஐந்து தலைகளும் ஜன்னலுக்குத் திரும்பின.
வெட்கமாக இருந்தது.
ஆனாலும் கடைசிப் பெட்டி போகும்வரை பார்த்தோம்.

திரும்பியபோது
நெகட்டிவ் அவர் கைக்குப் போயிருந்தது.
"இதுல ஒரு காப்பி போட்டுக் குடுங்க,
சட்டம் போடணும்.
குடை முழுசா இருக்கட்டும்.
ரயில் பாதி வந்தாப் போதும்."