முதலாவதா, இரண்டாவதா

நாளெல்லாம் நான் பிறரைக் கேட்கிற கேள்வியை
இன்று காலை கணினி என்னைக் கேட்டது.

இப்போதா? இன்று இரவா?
அடியில், மிகச் சிறிய எழுத்தில்:
பிறகு நினைவூட்டு.
எல்லாரையும் சிறிய எழுத்தைப் படிக்கச் சொல்கிறவள் நான்.
அதைத்தான் அழுத்தினேன்.

பைசாந்து நகரில், நதிக்கு மூன்று தெரு இப்பால்,
முப்பத்தொரு வருடமாய்க் கண்ணாடிக் கடை.
நாற்காலியில் உட்காரவைத்து
வில்லையை மாற்றி மாற்றிப் போட்டு
முதலாவது தெளிவா, இரண்டாவதா என்பேன்.
பாதிப்பேர் பரீட்சைக்கு வந்ததுபோல் வியர்ப்பார்கள்,
தப்பாகச் சொன்னால் குருடாகிவிடுவோமோ என்று.
பயப்படாதீர்கள், திரும்பப் போடலாம் என்பேன்.

இதைத் திரும்பப் போடலாமா என்று
வில்மாரிடம் கேட்டேன்.
பத்து நாளுக்குள் முடியும் என்றான்.
அப்புறம் முடியாது என்றான்.
மாத்தேயை ஒரு இழுப்பு இழுத்துவிட்டு,
பத்து நாளுக்குள்ளும் சில சமயம் முடியாது என்றான்.
பாவி, இவ்வளவு நேர்மை எதற்கு?

கணினி போனால் போகட்டும்.
பின்னறையில் நிற்கிறதே, வில்லை செதுக்கும் இயந்திரம்,
அதை என்ன செய்வது?
செய்த கம்பெனி மூடிப் பதினொரு வருடம்.
சாம்பல் நிறக் கம்பி ஒன்று, இரண்டு திருகு,
அதன் வழியே பழைய இயங்குதளத்தோடு மட்டும் பேசும்.
புதியதைக் கண்டால்
கோபித்துக்கொண்ட சம்பந்திபோல்
முகத்தைத் திருப்பிக்கொள்ளும்.

சரி, ஏற்றாமலே விட்டுவிடலாம் என்றால்
அக்டோபரோடு காவல் நின்றுவிடுமாம்.
மூவாயிரத்துச் சொச்சம் பேரின் கண்கள் உள்ளே இருக்கின்றன.
கசாப்புக் கடை ஹெர்மினியோவின் இடது கண்ணில்
புரை வளர்வது
அவன் மனைவிக்கே தெரியாது.
எனக்கும் இந்தப் பெட்டிக்கும்தான் தெரியும்.
தாழ்ப்பாள் இல்லாத வீட்டில் வைக்கிற பொருளா அது?

திங்கட்கிழமை ஏற்றிவிடுவது என்று முடிவு.
செவ்வாய்க்கிழமை வேண்டாம் என்று முடிவு.
புதன்கிழமை மின்சாரம் போனது.
தெருவில் என்னைவிட மகிழ்ந்தவர் யாரும் இல்லை.

வியாழன் மதியம், கடை சாத்துகிற நேரம்,
ஆரஞ்சு லோடு ஏற்றிப் போகிற துல்சீதியோ
இன்ஜினை நிறுத்தாமலே உள்ளே வந்தார்.
முதலாவதா, இரண்டாவதா?
அவர் வியர்க்கவில்லை.
"எதைப் பார்க்க, தோன்யா எதெல்வினா?
ரோட்டுக்கு அது. ரசீதுக்கு இது."

தூரத்துக்கு ஒன்று, கிட்டத்துக்கு ஒன்று.
தெரியாத சங்கதியா? தினமும் விற்கிறேன்,
தவணைக்குக்கூட.

அன்று சாயங்காலம்
பழைய பெட்டியிலிருந்து இணையக் கம்பியைப் பிடுங்கினேன்.
பால்பல் விழுந்ததுபோல் சின்னதாய் ஒரு சத்தம்.
கண்களையெல்லாம் முன்னறையில் வாங்கிவைத்த
புதுப் பெட்டிக்குக் குடியேற்றிவிட்டு
வில்மார் பழையதை மூன்று தடவை துடைத்தெடுத்தான்.
இனி அதன் உலகம்
அந்தச் சாம்பல் கம்பி முடிகிற இடம் வரைதான்.
அளவுகளை ஒரு பென் டிரைவில் போட்டுக்கொண்டு
முன்னறையிலிருந்து பின்னறைக்கு நானே நடக்கிறேன்.
பத்தொன்பது எட்டு.
முழங்கால் எண்ணிச் சொன்னது.

"செதுக்கும் மோட்டார் நாளைக்கே போய்விட்டால்?"
வில்மார் கேட்கத்தான் செய்தான்.
அவனுக்குச் சேர வேண்டிய பணத்தை எண்ணிக் கொடுத்தேன்.

யாரும் நேரம் சொல்லாததால்
பழைய பெட்டியின் கடிகாரம் இப்போது
நான்கு நிமிடம் பின்னால் ஓடுகிறது.
திருத்தலாம். திருத்தவில்லை.
அங்கே போனால் மதிய உணவுக்கு இன்னும் நேரமிருக்கிறது.

முன்னறைப் பெட்டி
வாங்கி ஆறு வாரம் ஆகவில்லை,
நேற்று மெல்லக் கனைத்துக்கொண்டு கேட்கிறது:
புதிய பதிப்பு தயார்.
இப்போதா? இன்று இரவா?

கண்ணைச் சுருக்கி, தலையைச் சாய்த்து,
என் நாற்காலியில் உட்கார்ந்தவர்கள்
இத்தனை வருடமும் சொன்னதையே நானும் சொன்னேன்:
தெரியலையே,
இன்னொரு தடவை காட்டு.