டிரைவர் தேவை

நேற்று ராத்திரி அப்டேட் போட்டானாம்.
காலையில் லினக்ஸ் எழுந்தது, வாய் எழவில்லை.
வைஃபையும் கூடவே படுத்துவிட்டது,
ஒரே வீட்டில் அடுத்தடுத்து விழும் காய்ச்சல் மாதிரி.

நான் மாங்கன்று வண்டிக்காரன்.
விளம்பரம் பதிந்த பென் டிரைவை வாங்கத்தான் மாடி ஏறினேன்.
கீழே சொட்டுநீர்க் குழாய்க் கடை வாசலில்
டாட்டா ஏஸ், இரண்டு கூம்பு ஸ்பீக்கர், சந்தூர்க் கன்று நூறு.
ஞாயிற்றுக்கிழமை.
போச்சம்பள்ளிச் சந்தை யாருக்காகவும் காத்திருக்காது.

சம்பங்கி அறையில் விளக்குப் போடும் வழக்கமில்லை.
சுவிட்சைத் தடவித் தேடி நானே போட்டேன்.
"திரையில என்ன இருக்கு, படி" என்றான்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது.
விளம்பரம் போச்சே என்றுதான் அதுவரை என் கவலை.
எழுத்தையெல்லாம் காதில் ஓதும் அந்தக் குரல் போனால்
அவனுக்குத் திரையே போச்சு.

கறுப்புத் திரை, வெள்ளை எழுத்து.
எட்டாம் வகுப்பு இங்கிலீஷை வைத்துக்கொண்டு வாசித்தேன்:
டிரைவர் நாட் ஃபவுண்ட்.
ரோஷம் வந்துவிட்டது.
இருபத்தோரு வருஷமாய் ஹெவி லைசென்ஸ்.
"நான் இங்கதானய்யா நிக்கிறேன்" என்றேன்.
சிரித்து முடிக்க அவனுக்கு ஒரு நிமிடம் ஆனது.

சவுண்டுக்கு டிரைவர் இறக்க நெட் வேண்டும்.
நெட்டுக்கு டிரைவர் இறக்கவும் நெட் வேண்டும்.
பைத்தியம் தெளிந்தால்தான் கல்யாணம்,
கல்யாணம் ஆனால்தான் பைத்தியம் தெளியும்.
என் போனை ஒயரில் மாட்டி
தரகராய் நடுவில் உட்கார வைத்தோம்.
டவர் ஒரு கோடு;
ஜன்னல் கம்பியில் செருகினால் இரண்டு.

அவன் விரல் அடிக்கும், நான் வாசிப்பேன்.
"கோடு நடுவுலயா, காலடியிலயா?"
"காலடியில."
"அப்ப தப்பா அடிச்சிட்டேன்."
முப்பத்தெட்டு எம்பி, நாற்பது நிமிடம்.
வண்டியை எடுக்கச் சொல்லிக் கீழே யாரோ ஹாரன் அடித்தார்கள்.
எடுக்கவில்லை.

அணைத்து, மறுபடி ஏற்றினோம்.
வைஃபை வந்தது. வாய் வரவில்லை.
ஸ்பீக்கர் மேல் காதை வைத்தான்.
"டப்புன்னு ஒண்ணு கேட்டுச்சு, பாத்தியா?"
எனக்கு ஒரு மண்ணும் கேட்கவில்லை.
"ஆள் உள்ளதான் இருக்கான்.
வேற எங்கியோ பேசிட்டிருக்கான்."

வாசித்தேன்.
அட்டை பூஜ்யம், எச்டிஎம்ஐ. அட்டை ஒன்று, அனலாக்.
இவ்வளவு நேரமும் அது பேசிக்கொண்டுதான் இருந்திருக்கிறது,
செருகாத ஏதோ ஒரு டிவியிடம்.

எண்ணை மாற்றினான். அப்புறமும் மௌனம்.
"ரெக்கார்டிங் ஓடட்டும்,
மைக்காவது உயிரோட இருக்கான்னு பாப்போம்."
நான் திரையோடு மூக்கை ஒட்டினேன்.
தூண் தூணாய்ப் பச்சை, மேலே சிவப்பு.
முதல் தூணின் அடியில் மட்டும்
"ரெண்டு எம் தெரியுதுப்பா."
"மியூட்" என்றான், கெட்ட வார்த்தை சொல்வதுபோல.
ஒரு தட்டு.

மூக்கால் பேசும் இரும்புக் குரல்
மூன்று மணி நேரப் பாக்கியையும் மூச்சுவிடாமல் ஒப்பித்தது.
அந்த வேகத்தில் எனக்கு ஒரு சொல் பிடிபடவில்லை.
அவன் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தான்,
ஊரிலிருந்து வந்தவரிடம் சேதி கேட்பவனைப் போல.
பென் டிரைவைக் கையில் வைத்து
"போறப்ப லைட்ட அணைச்சிடு" என்றான்.

ஆட்டுச் சந்தைப் பக்கம் வண்டியைத் திருப்பும்போதுதான் கேட்டேன்.
செந்தூரா, மல்லிகா, பங்கனபள்ளி என்று
நயமாய்ப் போய்க்கொண்டிருந்த பெண்குரலின் நடுவில்
இரண்டு கூம்பிலும் நான்:
ரெண்டு எம் தெரியுதுப்பா.

பிரேக் போட்டேன்.
கயிற்றில் இரண்டு வெள்ளாட்டைப் பிடித்திருந்த ஒருவர்
ஜன்னலருகே வந்து குனிந்தார்.
"அந்த எம் கன்னு என்ன விலை,
எத்தினி வருஷத்துல காய்க்கும்?"