பின்னணிக் காற்று

அறுபத்து நாலாயிரத்து முந்நூற்றுப் பன்னிரண்டு கிலோமீட்டர்
ஓட்டியிருக்கிறேன் இந்தச் சின்ன லாரியை.
கூடத்தின் வாசலைத் தாண்டியதில்லை.
நாலு மூலையிலும் சங்கிலி.
பின்சக்கரங்கள் உருளை மேல்.
சக்கரம் சுற்ற உருளை சுற்றும்,
கண்ணாடியின் உட்புறம் ஒரு ஈ
மூன்றாம் கியரிலிருந்து நான்காம் கியர்வரை
கால் தேய்த்துக்கொண்டே கூட வரும்.

எதிரே ஆளுயர மின்விசிறி.
எண்பதில் போனால் எண்பதுக்கான காற்று.
வைக்கோல் மணக்காது, சாணம் மணக்காது,
மழை வரும்போல என்று சொல்லத் தெரியாத காற்று.

சகாயமேரி மேடம் ஒரு எண்ணைத் தட்டினால்
உருளை இறுகும்.
ஆற்றங்கரை தவிர மேடே இல்லாத
நீடாமங்கலத்தில்
மலை முளைக்கும்.
ஏறுவேன்.

திரையில் பச்சைக் கோடு.
அது ஏறினால் ஏறணும், இறங்கினால் இறங்கணும்.
இரண்டு கிலோமீட்டர் முன்னே பின்னே போகலாம்,
அதற்குமேல் போனால் இருபது நிமிஷமும் வீண்.
யாரோ எந்த ஊரிலோ ஓட்டியதைக் கோடாக்கி வைத்திருக்கிறார்கள்.
அந்த ஊரில் ஆடு குறுக்கே வருவதில்லை.
பறையோடு பிணம் வருவதில்லை.
நூற்றிருபத்தேழாம் வினாடியில் மட்டும்
காரணமில்லாமல் நின்றுவிடுகிறது.
அங்கே யார் வீடு என்று யோசிப்பேன்.

புகையைப் பையில் பிடிப்பார்கள்.
பக்கத்தில் இன்னொரு பை, வெறும் காற்றுக்கு.
புகையோடு கலக்கிற காற்றில்
ஏற்கெனவே இருந்த அழுக்கை
வண்டி தலையில் கட்டக்கூடாது,
கழித்துவிடணும், அதுதான் நியாயம்
என்பார் மேடம்.

புரட்டாசி. குறுவை அறுப்பு.
அன்றிரவு வெறும் காற்றின் பை
வண்டியின் பையை எட்டிப் பிடித்தது.
இத்ரீஸ் குழாய் குழாயாகக் காது வைத்துப் பார்த்தான், கசிவு இல்லை.
வடிகட்டி மாற்றினான். அதே எண்.
மேடம் மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார்,
அதில் ஏதோ இருந்ததுபோல.
அப்புறம்தான் கேட்டது
மதிலுக்கு அந்தப் பக்கம் செயின் வண்டி.

டார்ச்சோடு வரப்பில் போனேன்.
மழைக்குப் பயந்து ராத்திரியிலும் அறுத்துக்கொண்டிருந்தார்
ஆத்தூர்க்காரர், பெயர் செல்லக்கண்ணு.
புகைக்குழாய் எங்கள் காற்று ஜன்னலுக்கு நேரே.
இருபது நிமிஷம் நிறுத்த முடியுமா என்றேன்.
மணிக்கு இவ்வளவு என்று வாடகை,
உங்க மேடம் தருவாங்களா?
உள்ளே என்ன ஓட்டுறீங்க?
சொன்னேன்.
எங்கேருந்து எங்கே?
சங்கிலியைச் சொன்னேன்.
சிரிக்கவில்லை அவர்.
வேட்டியால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு
நானும்தான், இந்த வரப்புலேர்ந்து அந்த வரப்பு என்றார்.

நமக்காக இல்லை.
இந்தத் துண்டில் சேறு அதிகம், செயின் புதைகிறது,
காயட்டும் என்று
தெற்கு வயலுக்குத் திருப்பிக்கொண்டு போனார்.

நாலரை மணிக்குப் பனி இறங்கியபின் மறுபடி ஓட்டினோம்.
தேறிவிட்டது.
தாளில் ஒரு வரி, பின்னணி,
அதற்கு நேரே சின்ன எண்.
கழித்தது போக மிச்சம் வண்டியுடையது.
கழித்தது யாருடையது என்று
அந்தத் தாளில் கட்டம் இல்லை.
மேடம் கையெழுத்துப் போட்டார்.
இத்ரீஸ் பைகளை உறிஞ்சிக் காலி செய்தான்,
அவை கொடியில் காயும் சட்டைபோலத் துவண்டன.

விடிந்து என் பழைய மொபெட்டில் கிளம்பினேன்.
உதைத்தால் நீலமாய் ஊதும். அதை யாரும் அளந்ததில்லை.
வெண்ணாற்றில் தண்ணீர் போய்க்கொண்டிருந்தது.
ரயில்வே கேட் மூடியிருந்தது.
முன்னே நெல் லாரி, பின்னே பள்ளிக்கூட வேன்,
பக்கத்தில் மன்னார்குடி பஸ்,
எல்லோரும் நின்றபடியே உறுமிக்கொண்டு.
இந்த நிறுத்தம் எத்தனை வினாடி என்று
எந்தக் கோடும் சொல்லவில்லை.
சாவியில் கை வைத்தேன்.
அணைத்தால் மறுபடி பிடிக்குமோ என்னவோ.
தண்டவாளத்தில் ஒரு நாய்
ரயில் வருகிற திசையைப் பார்த்து உட்கார்ந்திருந்தது.