பிர்ச் மரங்களுக்கு அந்தப்பக்கம்

பிப்ரவரியில் வந்தது கடிதம்.
இந்தச் சாலைக்கு இனிக் கம்பி கிடையாது.
பனிப்பாரத்தில் சாயும் கம்பங்களை நிமிர்த்தி மாளவில்லை,
மூன்று வீட்டுக்காக முப்பது கிலோமீட்டர்
செம்பைக் கட்டி மேய்க்க முடியாது
என்பதைத்தான்
மிக மரியாதையான ஃபின்னிஷ் மொழியில் எழுதியிருந்தார்கள்.

வெய்யோ கூஹ்மோ வரை போய்
சிம் போடுகிற வெள்ளைப் பெட்டி ஒன்றை வாங்கிவந்தான்.
மாடி ஜன்னலில் வைத்தோம்.
வெளியே மைனஸ் இருபத்தாறு.
உள்ளே நான்கு கோடு!
மர ஆலைக்கு நான் அனுப்பும் கணக்குகள்
காப்பி ஆறுவதற்குள் போய்ச் சேர்ந்தன.
ஈனெஸ் தன் அறையிலிருந்து கத்துவதை நிறுத்தினாள்.
இதற்கா பதினாறு வருஷம் மாதாமாதம் அழுதோம்
என்று சொல்லி வெய்யோ
பழைய மோடத்தை விறகுக் கொட்டகையில்
ஆணியில் தொங்கவிட்டான்.

மூன்றாம் நாள் ரைலி கதவைத் தட்டினாள்.
பக்கத்து வீடு. பனி தள்ளும் வண்டி ஓட்டுகிறவள்.
பூட்ஸைக் கழற்றிவிட்டு, காலுறையோடு நின்று
டீசல் விலை பற்றிப் பேசினாள்.
ஏரிப் பனியின் கனம் பற்றிப் பேசினாள்.
அவள் இவ்வளவு பேசி நான் கேட்டதில்லை.
பிறகு கையுறையைப் பார்த்துக்கொண்டே,
"உங்கள் வீட்டு நெட் போய்விட்டதா?"

எனக்கு விளங்கக் கொஞ்ச நேரமானது.
நாயின் பெயர், அது பிறந்த வருஷம்.
அதைக் கடவுச்சொல்லாக வைத்தது நான்.
தினமும் வாசலில் நின்று
ஏரிக்கே கேட்கும்படி அந்தப் பெயரைக் கூவியதும் நான்.
ஏழு வருஷம், என்றாள்.
ரோட்டு நிலவரம் பார்க்க மட்டும், என்றாள்.
பிறகு, சீட்டாட்டமும் கொஞ்சம், என்றாள்.

கோபப்படத்தான் வாயைத் திறந்தேன்.
ஏழு வருஷமாய் எங்கள் பாதையில்
யாரும் கேட்காமலே பனி தள்ளியிருக்கிறது.
நாங்கள் அதை நகராட்சி என்று நினைத்திருந்தோம்.
புதிய கடவுச்சொல்லை
காலிக் காப்பிப் பொட்டலத்தில் எழிதிக்கொடுத்தேன்,
அவசரத்தில் எழுத்துப் பிழையோடு.

மே மாதம் கோடுகள் உதிர்ந்தன.
நான்கு மூன்றானது. மூன்று ஒன்றானது.
உதவி எண்ணில் ஒரு பையன்
அணைத்துப் போடுங்கள் என்றான்.
அணைத்துப் போட்டோம், அணைத்துப் போட்டோம்.
கோபுரம் அக்கரையில். நடுவில் ரைலியின் பிர்ச் மரங்கள்.
பெட்டி வாங்கிய அன்று அவை வெறும் குச்சிகள்.
இப்போது கிளைக்குக் கிளை இலை,
மழை வந்தால் இலைக்கு இலை தண்ணீர்,
எங்கள் வீட்டுக்கு வரவேண்டியதை
அவை நின்று குடித்துக்கொண்டிருந்தன.

வெய்யோ ரம்பத்தைப் பார்த்தான்.
நான் வெய்யோவைப் பார்த்தேன்.

ரைலி மாடிக்கு வந்து ஜன்னலில் நின்றாள்.
"வெட்டமாட்டேன்."
யாரும் கேட்கவே இல்லை.
கொஞ்சம் கழித்து, "பெட்டியை என் வீட்டில் வையுங்கள்.
எனக்கு எதிரே ஏரிதான்."

அப்படி எங்கள் இணையம் குடிபெயர்ந்தது.
அங்கே நான்கு கோடு. இங்கே, அறுபது மீட்டர் தள்ளி, ஒன்றுமில்லை.
எனவே ஜூனில் ஒரு ஞாயிற்றுக்கிழமை
உருளைக்கிழங்குப் பாத்தி ஓரமாக
முழங்கை ஆழத்துக்குத் தோண்டி
கம்பி புதைத்தோம்.
மண்ணும் கொசுவுமாக மூவரும் நின்றோம்.
அந்தச் சொல்லை மட்டும் ஒருவரும் உச்சரிக்கவில்லை.

ஒரு விஷயத்தை ரைலி முன்கூட்டிச் சொல்லவில்லை.
இடி என்றால் அவளுக்குப் பயம்.
மேகம் திரண்டாலே வீட்டுப் பிளக்கையெல்லாம் பிடுங்கிவிடுவாள்.

இன்று மாலை வானம் கறுத்தது.
மாடியிலிருந்து ஈனெஸ் கத்தினாள், பழைய குரலில்.
நான் வெளியே வந்து பார்த்தேன்.
மரங்களுக்கு அந்தப்பக்கம் தன் படியில் நின்று
ரைலி கையைத் தூக்கிக் காட்டினாள்.
கையில் பிளக்,
பிடித்த மீனைக் காட்டுவதுபோல.