மூன்றாவது வாளி

புளியரையில் ஆனி பிறந்ததுமே சாரல்.
மணற்குவியலைத் தார்ப்பாய் போட்டு மூடியிருந்தோம்.
காற்று அதைத் தூக்கித் தூக்கி
உள்ளே என்ன என்று பார்த்துக்கொண்டிருந்தது.

மூட்டைக்கு இருபத்திரண்டரை லிட்டர்.
மணல் இரவில் குடித்ததைக் கழித்தால்
பதினெட்டரை.
நோட்டில் எழுதி அடிக்கோடும் போட்டேன்.

காலையில் கூம்பைத் தூக்கியபோது
கலவை நின்றது,
பந்தியில் இடம் கிடைக்காத மாப்பிள்ளை போல
விறைப்பாக.

நாலு மணிக்கு மாடத்தியின் கை நடுங்கியது.
கம்பிகளுக்கிடையே இறங்க மறுத்ததை
மண்வெட்டியால் தள்ளித் தள்ளி
நடுவிரலில் தோல் உரிந்திருந்தது.
சிமெண்ட் பட்ட புண் எப்படி எரியும் என்று
எனக்கும் தெரியும்.
ஆரியங்காவுக்கு ஏறும் லாரிகள்
வழி கேட்டு ஹாரன் அடித்தன.
பூதத்தான் மிக்ஸரை நிறுத்தாமலே கேட்டான்:
"மேடம், ஒரு வாளி?"

நான் தலையாட்டவில்லை.
வேறு பக்கம் பார்த்தேன்.
இரண்டாவது வாளிக்கும் பார்த்தேன்.
மூன்றாவதை நானே ஊற்றினேன்.

எவ்வளவு அழகாக ஓடியது தெரியுமா!
பாயசம்.
மூலை முடுக்கெல்லாம் தானே போய் உட்கார்ந்தது.
மாடத்தி இடுப்பில் கைவைத்து
முதல்முறையாக மலையைப் பார்த்தாள்.
இருட்டும்போது தளத்தின் மேல்
மெல்லிய நீர் ஊறி நின்றது.
அதில் மேகம் தெரிந்தது.

மறுநாளிலிருந்து நனைந்த சாக்கு போர்த்தி
ஏழு நாள் தண்ணீர் காட்டினோம்.
அது வேறு தண்ணீர்.
முதலில் உள்ளே போன அந்த மிச்சம்
தங்காது, போய்விடும்.
போன வழி மட்டும் மூடாது.
தலைமுடியை விட மெல்லிய அந்த வழியில்
ஏதோ ஒரு வருடத்துச் சாரல்
கம்பியைத் தேடி வரும்.

இருபத்தெட்டாம் நாள் கட்டைகளை அழுத்தினோம்.
காலைக் கட்டை முப்பத்தொன்று.
நாலு மணிக் கட்டை,
ஆணியால் நான் தேதி கீறியது,
பதினாறில் உடைந்தது.
பேனா கொஞ்ச நேரம் அந்த ஒன்றின் மேல் நின்றது.
இரண்டாக்க ஒரு வளைவு போதும்.
போடவில்லை.

பாலத்தின் கிழக்குக் கண்ணை உடைக்கச் சொன்னார்கள்.
உடைக்க வந்தவர்களில் மாடத்தியும் இருந்தாள்,
விரலில் ரோஸ் நிறத்துப் புதுத்தோல்.
"நீங்க ஊத்துன தண்ணிக்கு
எனக்கு அஞ்சு நாள் சம்பளம் மேடம்."
சிரித்தாள். நான் சிரித்தேனா, நினைவில்லை.

திரும்பப் போட்ட அன்று
செங்கோட்டையில் ரப்பர் கையுறை வாங்கிப் போனேன்.
அவளுக்குப் பெரிது.
கழற்றிக் கம்பியில் மாட்டிவிட்டு
மண்வெட்டியை எடுத்தாள்.
ஐந்து விரலிலும் சாரல் நிரம்பிக்கொண்டிருந்தது.
அதை நான் கணக்கில் சேர்க்கவில்லை.